மாத்தளைத் தோட்டங்களின் பெறுமதி

உக்குவளை, எல்கடுவை, இரத்தோட்டை, கம்மடுவை, யட்டவத்தை என மாத்தளை மாவட்டத்தின் மலைச்சரிவுகளில் பரந்துகிடக்கும் தோட்டங்கள் 1830களிலிருந்து இன்றுவரை பலமுறை கைமாறியிருக்கின்றன. முடிக்குரிய காடு என ஏலத்தில் விற்கப்பட்ட நிலம் கோப்பித் தோட்டமாகியது; கோப்பி அழிந்தபின் கடன் கொடுத்தவர்களின் கைக்கு ஈடாகப் போனது; பின்னர் கொக்கோவும் தேயிலையும் இறப்பரும் விளையும் கம்பனிச் சொத்தாகவும், 1970களில் அரசுடைமையாகவும், 1992க்குப் பின் குத்தகை நிலமாகவும் மாறியது. ஒவ்வொரு கைமாற்றத்தின்போதும் இந்தத் தோட்டம் இவ்வளவு பெறும் என்று எவரோ ஒருவர் ஒரு தொகையை எழுதவேண்டியிருந்தது. அந்தத் தொகை எதை அளந்து எழுதப்பட்டது, எதை விட்டுவிட்டு எழுதப்பட்டது என்பதே இங்கு ஆராயப்படும் விடயம்.

இன்றைய கணக்கீட்டு நியமங்கள் இத்தகைய தொகையை நியாயப் பெறுமதி என்று குறிக்கின்றன. குறித்த ஒரு நாளில், விடயத்தை அறிந்தவர்களும் ஒருவரையொருவர் சாராதவர்களும் கட்டாயத்துக்கு உட்படாதவர்களுமான சந்தைப் பங்குபற்றுநர்களுக்கிடையே ஒழுங்கான கொடுக்கல் வாங்கல் நடக்குமாயின், ஒரு சொத்தை விற்பதால் கிடைக்கும் விலை அச்சொத்தின் நியாயப் பெறுமதி. ஒரு பொறுப்பை, அதாவது கொடுக்கவேண்டிய கடப்பாட்டை, வேறொருவரிடம் மாற்றிவிடுவதற்குச் செலுத்தவேண்டிய விலை அப்பொறுப்பின் நியாயப் பெறுமதி. சர்வதேச கணக்கீட்டு நியமங்கள் சபை 2011 மே மாதத்தில் வெளியிட்ட 13ஆம் இலக்க நிதி அறிக்கையிடல் நியமம் வகுத்த இவ்வரைவிலக்கணம், இலங்கையில் 2014 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அறிந்தவர், சாராதவர், கட்டாயமற்றவர், ஒழுங்கான கொடுக்கல் வாங்கல் என்ற இந்நிபந்தனைகள் ஒவ்வொன்றும் எதைத் தடுப்பதற்காக எழுதப்பட்டன என்பதை விளங்கிக்கொள்ள மாத்தளையின் தோட்ட வரலாற்றைப் போன்ற நல்ல ஏடு எளிதில் கிடைக்காது; அந்நிபந்தனைகளில் ஒன்றேனும் மீறப்படாத காலம் அவ்வரலாற்றில் அரிதாகவே இருந்தது.

தொடக்கத்திலேயே அப்படித்தான். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய நில ஆக்கிரமிப்புச் சட்டம், காடாகவும் தரிசாகவும் சேனையாகவும் கிடக்கும் நிலத்துக்கு உரிமைச் சான்று காட்டப்படாவிடின் அது முடிக்குரியது என்று கொள்ளப்படும் என விதித்தது. ஆண்டுக்கணக்கில் மாறிமாறிச் சேனை செய்யும் கண்டிநாட்டுக் கிராமத்தவரிடம் எழுத்துச் சான்று இருப்பது அபூர்வம். இவ்வாறு முடிக்குச் சேர்ந்த நிலம் ஏக்கருக்கு 5 சிலிங் என்ற தொடக்க விலையில் விற்பனைக்கு விடப்பட்டது. 1844இல் அவ்விலை 20 சிலிங்காக உயர்த்தப்பட்டது. வாங்கியவர்களில் பலர் அரசாங்கத்தின் உயர் அதிகாரிகள் என்பது பதிவான செய்தி. விற்பவரின் ஊழியரே வாங்குபவராகவும், நிலத்தில் உண்மையான அக்கறை கொண்டிருந்தவர் ஏலத்துக்கு வெளியே நிற்பவராகவும் இருக்கும் ஒரு விற்பனையில் விழுந்த விலையை எந்த மதிப்பீட்டாளரும் இன்று சந்தை விலை என்று சான்று கொடுக்கமாட்டார். ஆயினும் மாத்தளைத் தோட்டங்களின் கணக்கேடுகளில் முதல் வரியாக ஏறியது அந்த விலைதான்.

அதன்மேல் ஏறியது செலவு. காட்டை வெட்டி, எரித்து, நூல்பிடித்து, குழிவெட்டி, நாற்று நட்டு, களைபிடுங்கி, பண்டகசாலை கட்டி, மூன்று ஆண்டுகள் காத்திருந்த பின்னரே கோப்பி பலன் கொடுக்கத் தொடங்கும். இந்த மூன்று ஆண்டுகளில் இறைத்த பணத்தின் கூட்டுத்தொகையே தோட்டத்தின் பெறுமதி என்று துரைமாரும் அவர்களுக்குக் கடன் கொடுத்த வணிக நிறுவனங்களும் கருதினர். கிரய முறை என இன்று அழைக்கப்படும் இவ்வழக்கம், போட்ட பணம் எப்படியும் திரும்பிவரும் என்ற நம்பிக்கை நிலைக்கும்வரை குறையற்றதாகத் தோன்றும். 1847இல் அந்நம்பிக்கை முறிந்தது. பிரித்தானியாவின் வணிக நெருக்கடியும், பிறநாட்டுக் கோப்பிக்கு அங்கே சுங்கவரி குறைக்கப்பட்டதும் ஒருசேரக் கோப்பி விலையைக் கீழே தள்ளின. கடன் கொடுத்தவர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டனர். அக்காலத்தில் குடியேற்றச் செயலாளராக இருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், உருவாக்கிய செலவின் இருபதில் ஒரு பங்குக்குத் தோட்டங்கள் தள்ளிவிடப்பட்டதையும், அந்த விலைக்கும் ஆள் கிடைக்காதவை கைவிடப்பட்டு மீண்டும் காடாகிப்போனதையும் பதிவுசெய்திருக்கிறார்.

இந்த இருபதில் ஒரு பங்கு, மதிப்பீட்டாளர்களை இன்றும் அலைக்கழிக்கும் கேள்வியை எழுப்புகிறது. கடன்காரன் வாசலில் நிற்க விற்பவனுக்குக் கிடைத்த விலை தோட்டத்தின் பெறுமதி ஆகுமா? ஆகாது என்பதே நியமத்தின் விடை: கட்டாய விற்பனையும் அவசரக் கலைப்பும் ஒழுங்கான கொடுக்கல் வாங்கல்கள் அல்ல, எனவே அவற்றின் விலைக்குச் சிறிதளவே நிறை கொடுக்கவேண்டும். அதே வேளை, சந்தை தாழ்ந்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக எல்லா விற்பனையையும் கட்டாய விற்பனை எனத் தள்ளிவிடவும் நியமம் இடங்கொடுக்கவில்லை. 2008இல் மேற்குலக வங்கிகள் தம்மிடமிருந்த கடன்பத்திரங்களின் விலை சரிந்தபோது இவ்விரு வாசகங்களுக்கும் இடையிலேதான் வழக்காடின. 1847இன் மாத்தளையில் அந்த வழக்குக்கும் இடமிருக்கவில்லை. பண்டகசாலைக் கூரை சரிந்து, கோப்பிச் செடிகளின்மேல் கொடி படர்ந்த தோட்டத்துக்கு நல்ல விலையும் இல்லை, கெட்ட விலையும் இல்லை.

வருவாய் குன்றிய அரசாங்கம் புதிய வரிகளை நாடியது. ஆளுநர் டொரிங்டன் 1848இல் துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் விதித்த வரிகளும், வீதி வேலைக்கு உடலுழைப்பு அல்லது பணம் கேட்ட சட்டமும் கிளர்ச்சிக்கு வித்திட்டன. ஜூலை மாத இறுதியில் தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா மன்னனாக முடிசூட்டப்பட்டதும், கிளர்ச்சியாளர் மாத்தளை நகரைக் கைப்பற்றியதும், வாரியப்பொல தோட்டத்தருகே படையினரோடு மோதியதும், ஓகஸ்ட் 8ஆம் திகதி வீர புரன் அப்பு கண்டியில் சுட்டுக்கொல்லப்பட்டதும் பாடநூல்கள் அறிந்த செய்திகள். கணக்கு வரலாற்றுக்கு வேண்டியது அதன்பின் நடந்தது. இராணுவச் சட்டத்தின்கீழ் கிளர்ச்சியாளர் எனக் கருதப்பட்டவர்களின் உடைமைகள் பறிமுதலாகி விற்கப்பட்டன. இவ்விற்பனைகளும் பிரித்தானியப் பாராளுமன்றத்தின் விசாரணைக்கு உள்ளாகின. தோட்டக்காரன் கடனுக்காக விற்றான், கிராமத்தவன் உடைமையோ அவனைக் கேளாமலே விற்கப்பட்டது. ஒரே மாவட்டத்தில் ஓராண்டு இடைவெளிக்குள் இவ்விரண்டும் நடந்தன.

இனி, கணக்கேட்டின் மிகக் கடினமான பக்கத்துக்கு வரவேண்டும். மன்னார்க் கரையில் இறங்கிய தென்னிந்தியத் தொழிலாளர் வறண்ட காட்டுப்பாதையில் பல நாட்கள் நடந்து, தம்புள்ளை, நாலந்தா வழியாக மலைநாட்டுக்குள் நுழைந்த வாசல் மாத்தளை. வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பட்டினியாலும் வழியிலேயே மாண்டவர் பலர். நகரின் முத்துமாரியம்மன் கோயிலும், மாசி மகத்தன்று ஐந்து தேர்கள் வீதிவலம் வரும் அதன் பெருவிழாவும் அந்த நடையில் வந்தவர்களின் வழிபாட்டிலிருந்து வளர்ந்தவை. ஆட்களைத் திரட்டிவந்தவர் கங்காணி. பயணச் செலவுக்கும் ஊரிலிருந்த கடனை அடைப்பதற்கும் தோட்டம் கங்காணிக்கு முன்பணம் கொடுக்கும். கங்காணி அதை ஆட்களின் பெயரில் பற்று வைப்பார். ஆள் இறந்தாலும் ஓடிப்போனாலும் பற்று கங்காணியின் தலையில் நிற்கும், கங்காணியின் பற்று மற்ற ஆட்களின் தலையில் இறங்கும்.

இந்த முன்பணம் தோட்டத்தின் ஐந்தொகையில், அதாவது குறித்த நாளில் உள்ள சொத்தையும் பொறுப்பையும் காட்டும் கூற்றில், சொத்துப் பக்கத்தில் நின்றது. தோட்டம் விற்கப்படும்போது நிலம், செடி, கட்டடம் ஆகியவற்றுடன் கங்காணிமாரின் கடனும் வாங்குபவர் கைக்கு மாறியது. ஆட்கள் வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், இவ்வளவு கடனைத் தீர்ப்பவரிடம் இவர்களை விடுவிக்கச் சம்மதம் என்று துரை ஒரு சீட்டு எழுதிக்கொடுப்பார். அதன் பெயர் துண்டு. துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு கங்காணி தோட்டந்தோட்டமாகப் போய், பழைய கடனையும் தீர்த்துப் புதிதாக முன்பணமும் தருபவரைத் தேடுவார். ஆட்களுக்குத் தட்டுப்பாடான காலத்தில் தலைக்கு இவ்வளவு என்று துண்டின் விலை ஏறியது. ஒவ்வொரு மாற்றத்திலும் தொழிலாளியின் கடன் பெருகியது, கூலி பெருகவில்லை. அறிந்த வாங்குநரும் விற்குநரும் இருந்த, விலை வெளிப்படையாகத் தெரிந்த ஒரு சந்தை இது. நியமத்தின் சொற்களை மட்டும் வைத்துப் பார்த்தால், ஏக்கருக்கு 5 சிலிங் நில ஏலத்தைவிட இச்சந்தை நியாயப் பெறுமதிக்கு நெருங்கியது. விற்கப்பட்டதோ மனிதரின் கடன்கட்டு. விலையைச் சரியாக அளக்கும் முறை, எது விலைக்குரியது என்று சொல்லாது. அதைச் சட்டம் சொல்லவேண்டியிருந்தது. 1921இல் தொழிலாளர் சட்டம் துண்டு முறையை ஒழித்தபோது, தோட்டங்களின் சொத்துப் பட்டியலிலிருந்து அந்த வரி மெல்ல மறையத் தொடங்கியது. அதற்கு முன்பே மாத்தளைக் காட்டுப்பாதையின் காலமும் முடிந்திருந்தது.

கோப்பியின் முடிவு, மதிப்பீட்டில் வேறொரு பிழையைக் காட்டுகிறது. இலையைப் பழுப்பாக்கி உதிரச் செய்யும் பூசணம் 1869இல் மடுல்சீமையில் முதலில் கண்டறியப்பட்டு, சில ஆண்டுகளில் மலைநாடு முழுவதும் பரவியது. ஏக்கருக்குரிய விளைச்சல் குறைந்தது உண்மை. ஆனால் 1870களில் உலகச் சந்தையில் கோப்பி விலை உயர்ந்திருந்தமையால் வருமானம் உடனே குறையவில்லை. விளைச்சலின் வீழ்ச்சியை விலையின் ஏற்றம் மறைத்தது. நோய் தெரிந்த பின்னரும் காடு வெட்டுவது நிற்கவில்லை. அத்தசாப்தத்தின் இறுதியில் தீவின் கோப்பிப் பரப்பு ஏறக்குறைய இரண்டே முக்கால் இலட்சம் ஏக்கராக விரிந்தது. கோப்பியை நம்பி நீட்டப்பட்ட ரயில்பாதை 1880இல் மாத்தளை நகரை எட்டியபோது ஏற்றுவதற்கிருந்த கோப்பி குறைந்துகொண்டிருந்தது. தோட்டங்களை ஈடாகப் பிடித்துக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் பாங்க் கோர்ப்பரேசன் 1884 மே மாதத்தில் கதவை மூடியது. அவ்வங்கியின் தாள்கள் அன்று நாட்டில் பணமாகப் புழங்கியமையால் பீதி பரவியது; ஆளுநர் ஆதர் கோர்டன் அத்தாள்களுக்கு அரசு உத்தரவாதம் கொடுத்து நிலைமையைத் தாங்கினார், அதன் தொடர்ச்சியாக அரசே நாணயத்தாள் வெளியிடும் முறை உருவாகியது.

அந்த வங்கியின் ஏடுகளில் ஈடுகள் பழைய கோப்பித் தோட்டங்களின் பெறுமதியில் நின்றிருக்க, மலையில் நின்றவை இலையற்ற குச்சிகள். சொத்து இழந்த பெறுமதியை இழந்த ஆண்டிலேயே எழுதிக் கழிக்கவேண்டும் என்ற விதி, பெறுமதி இழப்பு எனத் தனி நியமமாக வளர்வதற்கு இன்னும் ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது. அவ்விதி அன்று இருந்திருந்தால் கோப்பி பிழைத்திருக்காது. ஆனால் சேமிப்பை வங்கியில் வைத்திருந்தவர்களுக்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே உண்மை தெரிந்திருக்கும். ஐந்தொகையைப் படிப்பவருக்கு வேறு எதைவிடவும் அதுவே தேவை.

கோப்பிக்குப் பின் மாத்தளை ஒரே பயிரைச் சாரவில்லை. பள்ளத்தாக்குகளில் கொக்கோ, தாழ்சரிவுகளில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் இறப்பர், உயரத்தில் தேயிலை, நக்கிள்ஸ் மலைத்தொடரின் ஈரக்காட்டு நிழலில் ஏலம் என்று பயிர்கள் அடுக்கடுக்காக அமைந்தன. தனித் துரைமாரின் இடத்தைக் கம்பனிகள் பிடித்தன. கொழும்பில் 1883 ஜூலையில் தேயிலை ஏலமும், 1896இல் பங்குத் தரகர் சங்கமும் தொடங்கியமையால், விளைபொருளுக்கும் கம்பனிப் பங்குக்கும் எவரும் பார்க்கக்கூடிய விலை கிடைத்தது. உலகப் பெருமந்தத்தின்பின் இறப்பர் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த 1934இல் செய்யப்பட்ட சர்வதேச உடன்படிக்கை, விசித்திரமான ஒரு சொத்தையும் தோற்றுவித்தது: இவ்வளவு இறப்பர் ஏற்றுமதி செய்யலாம் என்று உரிமை தரும் கூப்பன். சிறு தோட்டக்காரர் பால் வெட்டாமல் கூப்பனை மட்டும் விற்றுப் பணம் பெறமுடிந்தது. கண்ணால் காணமுடியாத உரிமைக்குச் சந்தை விலை இருக்கக்கூடும் என்பதை மாத்தளைச் சிறுதோட்டக்காரர் எந்த நியமமும் படிக்காமலே அறிந்திருந்தனர்.

1972ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாருக்கு 50 ஏக்கர் என்ற உச்சவரம்பை விதித்தது. 1975ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் கம்பனித் தோட்டங்களையும் அரசுடைமையாக்கியது. இழப்பீட்டுக்காகத் தோட்டங்கள் மதிப்பிடப்பட்டன. இலண்டனில் பதிவான கம்பனிகளுக்குரிய தொகை இரு அரசாங்கங்களின் பேச்சுவார்த்தையால் முடிவாகியது. அரசு ஒன்றே வாங்குநராக இருக்கும் இடத்தில் பிறக்கும் தொகை பேரத்தின் முடிவாக அமையுமே தவிர, சந்தையின் விலையாக அமையாது. மாத்தளையிலும் கண்டியிலும் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் கிராமத்தவருக்குப் பகிரப்பட்டபோது, தலைமுறைகளாக அங்கே உழைத்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் லயங்களிலிருந்து வெளியேற்றப்பட்டன. 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இரு நாடுகளுக்கிடையே எண்ணிக்கையாகப் பிரிக்கப்பட்டிருந்த அவர்களுக்கு இழப்பீட்டுப் பட்டியலில் இடமே இருக்கவில்லை. நிலத்தின் உரிமையாளருக்கு ஒரு தொகை எழுதப்பட்டது. அந்நிலத்தை நிலமாக்கியவர்களின் இழப்பு எவருடைய பொறுப்பாகவும் எழுதப்படவில்லை. இக்கட்டுரையில் வரும் விடுபடல்கள் எல்லாவற்றிலும் கொடியது இதுவே.

அரச நிருவாகத்தில் நட்டம் பெருகியமையால் 1992இல் தோட்டங்கள் பிரதேச பெருந்தோட்டக் கம்பனிகளாகத் தொகுக்கப்பட்டன; மாத்தளைப் பகுதித் தோட்டங்கள் பல எல்கடுவை பெருந்தோட்டக் கம்பனியின்கீழ் வந்தன. நிலம் அரசுடையதாகவே இருக்க, கம்பனிகளுக்குக் கிடைத்தது குத்தகை உரிமை. தோட்டமொன்றுக்கு ஆண்டுக்கு 500 ரூபா என்ற பெயரளவு வாடகை பின்னர் திருத்தப்பட்டு, நாட்டின் பொதுவான விலையேற்றத்தோடு ஆண்டுதோறும் உயரும் வாடகையாகியது. குத்தகைக் காலம் 1992 ஜூன் 22 முதல் 53 ஆண்டுகள் என அமைந்தது. சொந்தமல்லாத நிலத்தைச் சொத்தாக எழுதுவது எப்படி என்ற சிக்கல் அன்றே எழுந்தது. 2019 முதல் நடைமுறையிலுள்ள 16ஆம் இலக்க நியமம், இனிக் கட்டவேண்டிய வாடகைகளின் இன்றைய பெறுமதியைப் பொறுப்பாகவும், நிலத்தைப் பயன்படுத்தும் உரிமையைச் சொத்தாகவும் காட்டுமாறு கேட்கிறது. இன்றைய பெறுமதி என்பது, பின்னொருநாள் வரும் பணத்தை வட்டி வீதமொன்றால் சுருக்கி இன்றைய பணமாக்கிய தொகை. அவ்வீதம் கழிவீட்டு வீதம் எனப்படும்.

நியமங்கள் வெறும் அறிவுரையாக இல்லாமல் சட்டவலுப் பெற்றது 1995ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க இலங்கைக் கணக்கீட்டு, கணக்காய்வு நியமங்கள் சட்டத்தால். 2012 முதல் சர்வதேச நியமங்களோடு ஒன்றிய நியமங்களை இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகம் நடைமுறைப்படுத்தியபோது, தோட்டங்களில் மிகப் பெரிய வாதத்தை எழுப்பியது வேளாண்மைக்கான 41ஆம் இலக்க நியமம். உயிருள்ள செடியையும் மரத்தையும் உயிரியற் சொத்து என்று வகுத்து, ஆண்டுதோறும் நியாயப் பெறுமதியில் காட்டவேண்டும் என்றது அது. இரத்தோட்டைச் சரிவில் நிற்கும் ஒரு தேயிலைச் செடியை எவரும் பெயர்த்து விற்பதில்லை. நிலத்தோடு சேராத தேயிலைச் செடிக்குச் சந்தை கிடையாது. ஆகவே வருங்காலக் கொழுந்து விலை, கூலி, விளைச்சல், கழிவீட்டு வீதம் எல்லாவற்றையும் ஊகித்தே அதற்கு விலை கட்டவேண்டியிருந்தது. ஊகம் சற்று மாறினால் இலாபம் பெரிதும் மாறும். 2012 மார்ச்சில் நிறுவகம் தேயிலை, இறப்பர் போன்றவற்றைக் கிரயத்தில் காட்டவும் இடங்கொடுத்தது. உலக அளவிலும் இந்த வாதமே வென்றது: பல்லாண்டு பலன் தரும் செடிகளை இயந்திரத்தைப் போல் கிரயத்தில் வைத்துத் தேய்வு எழுதலாம் என்ற திருத்தம் 2016 முதல் நடைமுறைக்கு வந்தது.

செடி விலகினாலும், செடியில் நிற்கும் கொழுந்து விலகவில்லை. கணக்காண்டு முடியும் நாளில் பறிக்கப்படாமல் நிற்கும் கொழுந்துக்கு விலை கட்டவேண்டும். ஆறு நாட்களுக்கு ஒருமுறை கொழுந்து எடுக்கப்படும் என்று கொண்டால், அன்று மலையில் நிற்பது சராசரியாக அரைச் சுற்றின் வளர்ச்சி, அதாவது மூன்று நாள் கொழுந்து. சிறுதோட்டக்காரரிடம் தொழிற்சாலைகள் வாங்கும் பச்சைக் கொழுந்தின் விலையில் பறிக்கும் கூலியையும் ஏற்றுகூலியையும் கழித்து, மிஞ்சும் விலையால் அக்கொழுந்தின் அளவைப் பெருக்குவர். நியமம் விலைச் சான்றுகளை மூன்று படிகளாக அடுக்குகிறது: அதே பொருளுக்கு இயங்கும் சந்தையில் குறிக்கப்பட்ட விலை முதற்படி, ஒத்த பொருளின் விலை முதலான பிற காணக்கூடிய சான்றுகள் இரண்டாம் படி, காணமுடியாத ஊகங்கள் மூன்றாம் படி. கொழுந்தின் விலை இரண்டாம் படியில் உறுதியாக நிற்கிறது. இதே தோட்டத்தின் எல்லையில் விறகுக்கும் பலகைக்கும் வளர்க்கப்படும் மரங்கள் மூன்றாம் படியில் நிற்கின்றன. மரத்தின் சுற்றளவையும் உயரத்தையும் வயதையும் அளந்து, வெட்டும் ஆண்டில் கிடைக்கக்கூடிய பலகையை ஊகித்து, அதன் விலையைக் கழிவீட்டு வீதத்தால் சுருக்கி மதிப்பீட்டாளர் தொகை சொல்கிறார். அத்தொகை கடந்த ஆண்டைவிடக் கூடினால் கூடியது இலாபமாகிறது. வெட்டப்படாத மரத்தின் இலாபத்தைக் கொண்டு எவருக்கும் கூலி கொடுக்கமுடியாது என்பதைத் தோட்டக் கணக்குகளைப் படிப்பவர் மறக்கலாகாது.

சட்டம் விலையை எவ்வளவு தூரம் ஆள்கிறது என்பதற்கு நக்கிள்ஸ் மலைகள் சான்று. ஒரு நிலத்தை அதன் மிகச் சிறந்த பயன்பாட்டில் வைத்தே மதிப்பிடவேண்டும், ஆனால் அப்பயன்பாடு இயற்கையாக இயலுவதாகவும், சட்டம் அனுமதிப்பதாகவும், வருமானம் தருவதாகவும் இருக்கவேண்டும் என்பது நியமம். லக்கலை, இரத்தோட்டைப் பக்கத்து உயர்காட்டில் ஏலம் செழித்து வளரும். இரண்டு நிபந்தனைகள் நிறைவேறுகின்றன. காடு 2000ஆம் ஆண்டில் பாதுகாக்கப்பட்ட வனமாகவும், 2010இல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமையின் பகுதியாகவும் அறிவிக்கப்பட்டபின் நடு நிபந்தனை விழுந்தது, அதனுடன் ஏலத்தோட்டத்தின் பெறுமதியும் விழுந்தது. அக்காடு பிடித்துவைக்கும் நீரால் கீழே வயல்கள் விளைகின்றன. அந்நீருக்கு எந்தக் கம்பனியின் ஐந்தொகையிலும் வரி கிடையாது.

பொறுப்புப் பக்கத்தில் இன்று மிகப் பெரிய வரிகளில் ஒன்று தொழிலாளரின் பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் உழைத்த நாட்கூலித் தொழிலாளிக்கு, முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் கடைசிக் கூலி வீதத்தில் 14 நாள் கூலி சேரும். 30 ஆண்டுகள் கொழுந்தெடுத்த பெண்ணுக்கு 420 நாள் கூலி. கூலி கடைசி வீதத்தில் கணக்கிடப்படுவதால், நாட்கூலி 1,000 ரூபாவாக இருக்கும்போது 4,20,000 ரூபாவாக நிற்கும் தொகை, 1,350 ரூபாவாகும்போது 5,67,000 ரூபாவாக உயர்கிறது. ஓர் இரவில் உயர்த்தப்பட்ட கூலி முப்பது ஆண்டுகளின் உழைப்பையும் பின்னோக்கித் தொடுகிறது. நாட்கூலி 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் உயர்ந்தபோது கம்பனிகளின் எதிர்ப்புக்கு அன்றாடச் செலவு மட்டுமே காரணமல்ல, இந்தப் பொறுப்பும் காரணம். இன்னொரு பக்கம், இந்தப் பொறுப்பு ஊழியர் நலன்களுக்கான தனி நியமத்தின்கீழ், ஓய்வுபெறும் வயதும் விலகுவோர் வீதமும் கூலி உயர்வும் ஊகித்து, இன்றைய பெறுமதியாகச் சுருக்கப்படுகிறது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்திய பொருளாதார நெருக்கடியில், கழிவீட்டு வீதம் ஏறி, கணக்கேட்டில் பொறுப்பு சுருங்கக்கூடிய நிலை வந்தது. தொழிலாளிக்குச் சேரவேண்டிய தொகையில் ஒரு சதமும் குறையவில்லை.

கணக்கேட்டில் ஒரு பொறுப்பு சரியாக எழுதப்படுவதும் அது தீர்க்கப்படுவதும் வெவ்வேறு. மாத்தளை, கண்டி மாவட்டங்களில் அரசின் கீழுள்ள தோட்டங்களில் ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி, பணிக்கொடை ஆகியவற்றின் நிலுவைகள் நெடுங்காலம் கட்டப்படாமல் கிடந்ததும், அது பாராளுமன்றத்தில் மீண்டும் மீண்டும் எழுப்பப்பட்டதும் நாடறிந்தவை. ஒரு பொறுப்பை மதிப்பிடும்போது, கடன்பட்டவர் அதைக் கட்டத் தவறும் வாய்ப்பையும் சேர்த்துக் கணக்கிடவேண்டும் என்று நியாயப் பெறுமதி நியமம் சொல்கிறது. அவ்விதியை எழுத்துக்கெழுத்துப் பின்பற்றினால், கட்டத் தவறக்கூடியவரின் கடன் ஏட்டில் சிறுத்துக் காட்டும். பணிக்கொடையை அவ்விதிக்கு வெளியே வைத்து, அரசு பிணைகளின் வட்டியை ஒட்டிய வீதத்தால் அளக்கச் செய்திருப்பது நியமம் வகுத்தவர்களின் விவேகம் என்றே கொள்ளவேண்டும்.

இப்போது குத்தகையின் இறுதியாண்டான 2045, மாத்தளைத் தோட்டங்களின் எல்லா மதிப்பீடுகளிலும் ஓர் எல்லைக்கோடாக நிற்கிறது. ஓர் இறப்பர்க் கன்றில் பால் வெட்டுவதற்கு ஆறு, ஏழு ஆண்டுகள் வேண்டும், அதன்பின் ஏறக்குறைய கால் நூற்றாண்டு பலன் தரும். பலகைக்கு நடும் மரம் முற்றுவதற்கும் ஏறக்குறைய அவ்வளவு காலம் வேண்டும். இன்று நடப்படும் கன்றின் பலனில் பெரும்பகுதி குத்தகை முடிந்தபின் வருவது. 2045க்குப் பின் வெட்டப்படும் மரத்தின் பணம் இன்றைய கம்பனிக்குச் சேரும் என்று மதிப்பீட்டாளர் எழுத இடமில்லை. மீள்நடுகைச் செலவு முழுவதும் இன்றைய ஏட்டில் ஏற, பலனில் ஒரு பகுதியே ஏறுகிறது. ஆண்டுதோறும் அந்தப் பகுதி சுருங்க, நடுவதற்கான காரணமும் சுருங்குகிறது. குத்தகை நீடிக்கப்படுமா, எந்த வாடகைக்கு நீடிக்கப்படும், நீடிக்கும்போது லயங்களில் வாழும் குடும்பங்களுக்கு ஏழு பேர்ச் அல்லது பத்துப் பேர்ச் காணியுறுதி பிரித்துக் கொடுக்கப்படுமா என்பவை அரசு தீர்மானிக்கவேண்டியவை. அத்தீர்மானம் வரும்வரை எல்கடுவையிலும் இரத்தோட்டையிலும் முதிர்ந்த செடிகள் பிடுங்கப்படாமலும், வெற்றிடங்கள் நிரப்பப்படாமலும் நிற்பதைக் கணக்கேடு பெறுமானத் தேய்வு என்ற ஒரே வரியில் எழுதிக்கொண்டிருக்கும்.